முதலில் தோல், பிறகு தட்டு: எக்ஸிமாவையும் உணவு ஒவ்வாமையையும் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு ஏழு மாதமானபோது இரண்டு கன்னங்களும் வெடித்து நீர் கசியத் தொடங்கின. அன்று இரவே வீட்டில் முடிவெடுத்துவிட்டோம்: பாலை நிறுத்துவது. அடுத்த வாரம் முட்டை போனது, அதற்கடுத்த வாரம் கோதுமை. இரண்டு மாதத்தில் குழந்தையின் எடை ஏறுவது நின்றுவிட்டது. கன்னங்களோ அப்படியேதான் இருந்தன. அது எக்ஸிமா: தோல் வறண்டு, விடாமல் அரிக்கும் அழற்சி.

அதற்குப் பிறகு இதே நிலையில் இருந்த எத்தனையோ பெற்றோர்களோடும் பெரியவர்களோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். எல்லோரும் இடறும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். தோலுக்குச் சரியாக மருந்து போடுவதற்கு முன்பே தட்டிலிருந்து உணவை எடுத்துவிடுகிறார்கள். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியின் விடையை வைத்தே நகர்கிறது.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம். தினமும் நான்கு விஷயங்கள் போதும்: அரிப்பு பத்துக்கு எவ்வளவு, இரவில் எத்தனை முறை விழிப்பு, எந்த மருந்தை எங்கே போட்டீர்கள், வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது. காய்ச்சல், புதிய சோப்பு, வியர்த்து விளையாடியது எல்லாம் நான்காவதில் அடங்கும். சாப்பிட்டதை மட்டும் எழுதினால் எல்லாப் பழியும் சாப்பாட்டின் மேல்தான் விழும்.

வாரம் ஒருமுறை ஒரே ஜன்னலருகில், ஒரே நேரத்தில், ஒரே தூரத்தில் புகைப்படம் எடுங்கள். வெளிச்சம் மாறினால் தோலின் நிறமும் மாறித் தெரியும், ஒப்பிட முடியாது.

இதுவரை பூசிய எல்லாக் களிம்புகளின் குழாய்களையும் ஒரு பையில் போட்டு வையுங்கள், காலியானவற்றையும் சேர்த்து. "வெள்ளைக் குழாய், நீல மூடி" என்று சொன்னால் மருத்துவருக்கு எதுவும் புரியாது. குழாயைப் பார்த்தால் அதில் ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) இருந்ததா, எவ்வளவு வீரியம் என்று உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று, நான்கு வாரப் பொறுமை. மூன்றாம் நாளே மருத்துவரை மாற்றுபவர்களுக்கு எந்த மருந்து வேலை செய்தது என்பது கடைசிவரை தெரியாது.

2. இது எக்ஸிமாதானா என்று உறுதிசெய்யுங்கள்

அரிக்கும் தோல் எல்லாம் எக்ஸிமா அல்ல. இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் தவறான நோய்க்குச் சரியான மருந்தை மாதக்கணக்கில் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸிமாவுக்குப் பிடித்த இடங்கள் வயதோடு மாறும். கைக்குழந்தைகளுக்குக் கன்னமும் கைகால்களின் வெளிப்புறமும். வளர்ந்தவர்களுக்கு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, கைகள். தோல் வறண்டிருக்கும், அரிப்பு விடாது, அடங்கி அடங்கித் திரும்ப வரும். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஊதா, சாம்பல் அல்லது அடர்பழுப்பாகத் தெரியும். சில சமயம் சிறு சிறு புள்ளிகளாகத் தடித்திருக்கும். படங்களில் காட்டும் செந்நிறத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

காணாக்கடி வேறு. திட்டுத்திட்டாக வீங்கும், ஒவ்வொரு திட்டும் 24 மணி நேரத்துக்குள் தடமின்றி மறைந்து வேறிடத்தில் எழும். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்டது என்பார்கள். நாள்பட்ட காணாக்கடிக்கு உணவு காரணமாக இருப்பது அரிது. ஆனால் இவர்கள்தான் அதிகமாகப் பட்டினி கிடக்கிறார்கள்.

படர்தாமரை வட்டமாக, ஓரம் தடித்து, நடு தெளிந்து பரவும். அதன்மேல் ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு குறைந்து, பூஞ்சை உள்ளுக்குள் விரிந்து, வட்டமே அடையாளம் தெரியாமல் கலைந்துவிடும். சொறிசிரங்கு இரவில் அரிக்கும், விரல் இடுக்குகளில் தெரியும், வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கும். இந்தக் கேள்வியை நீங்களே வீட்டில் கேட்டுப் பாருங்கள்: "வேறு யாருக்கு அரிக்கிறது?"

சொரியாசிஸ் வெள்ளிச் செதில்களோடு முழங்கை, முழங்கால், தலையில் வரும். அது உணவு ஒவ்வாமையால் வருவதல்ல. கைகளில் மட்டும், அல்லது நகையோ கடிகாரமோ படும் இடத்தில் மட்டும் வந்தால் தொடு ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். நிக்கல், வாசனைப் பொருட்கள், பதப்படுத்திகள்தான் வழக்கமான குற்றவாளிகள். அதற்கு, சந்தேகப் பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்து, பிறகு மீண்டும் ஒருமுறை பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை இருக்கிறது. உணவுச் சாற்றைத் தோலில் வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் ஊசிமுனைப் பரிசோதனை இதற்கு உதவாது.

3. நான்கு வாரம் தோலை மட்டும் கவனியுங்கள்

வழிகாட்டியின் முதுகெலும்பு இந்தப் படிதான். எக்ஸிமா உள்ள தோலில் வெளிச்சுவர் ஓட்டையாக இருக்கிறது. ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது 2006-இல் தெரியவந்தது. ஓட்டை வழியே ஈரம் வெளியே போகிறது. தூசியும் கிருமியும் உணவுத் துகளும் உள்ளே வருகின்றன. உள்ளே வந்ததை உடல் எதிரியாகப் பதிவுசெய்கிறது. பல குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை வாய் வழியாக அல்ல, தோல் வழியாகத்தான் தொடங்குகிறது என்று இப்போது ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால் சுவரை அடைப்பது இன்றைய அரிப்புக்கு மட்டுமான வேலை அல்ல.

குளியல்: வெதுவெதுப்பான நீர், 5 முதல் 10 நிமிடம், வாசனையில்லாத மென்மையான கழுவும் திரவம். தேய்க்கும் நாரை ஒதுக்கிவிடுங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள். சுடுநீர் பட்டதும் சுகமாகத்தான் இருக்கும். பிறகு அரிப்பு கூடும்.

ஈரப்பதக் களிம்பு: தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, சுமார் மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள். ரோமம் வளரும் திசையில் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் ரோமக்கால்கள் அடைத்துக் கொப்புளம் வரும். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள், இல்லாவிட்டால் களிம்பே கிருமிக்கூடாகிவிடும்.

அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். உடல் முழுதும் பரவிய எக்ஸிமாவுக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் தேவைப்படும். 100 கிராம் குழாய் ஒரு மாதம் வந்தது என்றால் நீங்கள் களிம்பு பூசவில்லை, மணம் காட்டியிருக்கிறீர்கள். வேர்க்கடலை எண்ணெய், பால், ஓட்ஸ் போன்ற உணவுப் பொருள் கலந்த களிம்புகளை வெடித்த தோலில் தவிர்த்துவிடுங்கள். காரணம் மேலே சொன்ன ஓட்டைதான். ஆலிவ் எண்ணெயும் வேண்டாம், அது தோலின் சுவரைப் பலவீனப்படுத்துகிறது. இந்தக் களிம்புகள் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுப்பு, மெழுகுவத்தி, சிகரெட் பக்கம் போகக் கூடாது.

ஸ்டீராய்டு களிம்பு: வீரியத்தைத் தோலைப் பார்த்த மருத்துவர் முடிவுசெய்யட்டும். அளவை நீங்கள் அளக்கலாம். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது ஒரு விரல்நுனி அளவு, ஏறக்குறைய அரை கிராம். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை பரப்புக்கு, விரல்களையும் சேர்த்து, போதும். பெரியவரின் ஒரு முழுக் கைக்கு மூன்று, ஒரு காலுக்கு ஆறு. இரண்டு கைகளுக்கும் நாளுக்கு ஒருமுறை பூசினால் தினம் 3 கிராம். 30 கிராம் குழாய் பத்து நாளில் தீர வேண்டும். என்னிடம் வந்த ஒரு தாயின் பையில் இருந்த குழாய் ஐந்து மாதப் பழையது, பாதிகூடத் தீரவில்லை. பட்டாணி அளவு எடுத்து இரண்டு கால்களுக்கும் தேய்த்திருக்கிறார். மருந்து வேலை செய்யவில்லை என்று அவர் நம்பியிருந்தார். மருந்து தோலுக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஸ்டீராய்டு பயம் எனக்கும் இருந்தது. பயப்பட வேண்டிய இடங்கள் உண்டு: முகம், கண்ணிமை, அக்குள், தொடை இடுக்கு போன்ற மெல்லிய தோலில் வீரியமான களிம்பை நீண்ட நாள் பூசுவது, மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் தொடர்வது. அந்த இடங்களுக்கு டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புகள் இருக்கின்றன. முதல் சில நாள் எரியும், பிறகு அடங்கும். ஆனால் சரியான வீரியத்தில், சரியான அளவில், தோல் தடவிப் பார்க்க வழுவழுப்பாகும் வரை பூசுவதில் இவ்வளவு பயம் தேவையில்லை. பாதியில் நிறுத்துவதுதான் மொத்தத்தில் அதிக மருந்தைக் கேட்கும். அடங்கிய பிறகு தங்கும் வெளிர்நிறமோ கருநிறமோ பெரும்பாலும் அழற்சி விட்டுப்போன தடம், மாதங்களில் மங்கும்.

ஈரப்பதக் களிம்புக்கும் ஸ்டீராய்டுக்கும் இடையே 20 முதல் 30 நிமிடம் விடுங்கள், ஒன்று மற்றொன்றை நீர்க்கச் செய்யாமலிருக்க. அடிக்கடி திரும்ப வரும் இடங்களில், தோல் அடங்கிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசும் முறை ஒன்று உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்; நிறுத்தியதும் எக்ஸிமா பழையதைவிட மோசமாகத் திரும்புவது வழக்கம்.

மஞ்சள் பொருக்கு, சீழ், சூடு தெரிந்தால் கிருமித்தொற்று. துளையிட்டது போன்ற ஒரே அளவிலான சிறு புண்கள் கொத்தாக வந்து, வலியும் காய்ச்சலும் இருந்தால் அது ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

4. அதன் பிறகே உணவைச் சந்தேகியுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

நான்கு வாரம் முறையாகச் செய்தபின் தோல் நன்றாக அடங்கிவிட்டால், எக்ஸிமாவுக்காக உணவைத் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. கடுமையான எக்ஸிமா, சிறு வயது, சரியான சிகிச்சைக்கும் அடங்காத தோல் இவை சேர்ந்தால் தேடலாம்.

உணவு சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் திட்டுகள், உதடு வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு வந்தால் அது உடனடி ஒவ்வாமை. அதற்கு நான்கு வாரக் காத்திருப்பு கிடையாது. அந்த உணவை நிறுத்திவிட்டு நேராக ஒவ்வாமை மருத்துவரிடம் போங்கள். மறுநாள் எக்ஸிமா மட்டும் கூடியது என்றால் அது வேறு வகை. நிரூபிப்பது கடினம், குறிப்பேடுதான் துணை.

ஒரே உணவு, ஒவ்வொரு முறையும், ஒரே நேர இடைவெளியில் தொல்லை தருகிறதா? மூன்று முறை பிரச்சினையின்றிச் சாப்பிட்டு நான்காம் முறை அரித்திருந்தால் உணவு குற்றவாளி அல்ல என்றே தொடங்குங்கள். பால் குடித்து வயிறு உப்புவது பால் சர்க்கரை செரிக்காத நிலையாக இருக்கலாம். அது ஒவ்வாமை அல்ல. தக்காளியோ எலுமிச்சையோ வாயைச் சுற்றி மட்டும் சிவக்கச் செய்தால் பெரும்பாலும் அது புளிப்பின் எரிச்சல். சாப்பிடும் முன் வாயைச் சுற்றிக் களிம்பு தடவிப் பாருங்கள்.

5. பரிசோதனை: கேள்வி இருந்தால் மட்டும்

நாற்பது ஐம்பது உணவுகளை ஒரே ரத்தத்தில் பார்க்கும் பட்டியலை வாங்கி வருபவர்கள்தான் மிகவும் குழம்பிப்போகிறார்கள். ஐஜிஇ என்பது ஒவ்வாமையில் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள். அதன் பரிசோதனை காட்டுவது உடல் அந்த உணவை அடையாளம் கண்டிருக்கிறது என்பதை. சாப்பிட்டால் தொல்லை வரும் என்று அது சொல்வதில்லை. எக்ஸிமா உள்ளவர்களுக்குப் பொதுவாகவே ஐஜிஇ எகிறியிருப்பதால், தினமும் நிம்மதியாகச் சாப்பிடும் உணவுகள்கூடப் பட்டியலில் வந்துவிடும். தொல்லையின்றிச் சாப்பிடும் எதையும் தாளைப் பார்த்து நிறுத்தாதீர்கள்.

ஊசிமுனைப் பரிசோதனையில் 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளப்பார்கள். வெறும் உப்புநீர் வைத்த ஒப்பீட்டுப் புள்ளியைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் நேர்மறை. ஒவ்வாமை மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் போனால் விடை பொய்க்கும். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு இந்தத் தடை இல்லை.

ஐஜிஜி பரிசோதனை, தலைமுடிப் பரிசோதனை ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஐஜிஜி வேறு வகை எதிர்ப்பொருள், நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் சொல்லும். அது உங்களுக்கே தெரியும்.

சந்தேகம் தீராவிட்டால் இறுதி விடை மருத்துவமனையில், கண்காணிப்பில், சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக உண்ணச் செய்து பார்க்கும் சோதனை. வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

கோதுமையால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடையாளங்கள் மறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும்.

6. நீக்கிப் பார்ப்பது, மறக்காமல் திரும்பச் சேர்ப்பது

உடனடி எதிர்வினை ஒருமுறைகூட இல்லாதவர்களுக்கு மட்டுமே இந்தப் படி, அதுவும் மருத்துவரின் அறிவோடு. ஒரே நேரத்தில் ஒரே ஓர் உணவு, 2 முதல் 4 வாரம். அந்தக் காலத்தில் களிம்பையோ சோப்பையோ மாற்றக் கூடாது. மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

பிறகு திரும்பச் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலானோர் விடுவது இந்தப் பாதியைத்தான். எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும் நோய். நிறுத்தியதும் குறைந்தது என்பது சான்றாகாது. திரும்பச் சேர்த்ததும் கூடியது என்றால்தான் விடை. மாற்றம் இல்லையென்றால் அந்த உணவு தட்டுக்குத் திரும்பட்டும்.

காலவரையின்றி நீக்கி வைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைப் பலர் அறியாமலே ஏற்கிறார்கள். எக்ஸிமா உள்ள குழந்தை ஓர் உணவைத் தொடர்ந்து சாப்பிடும்வரை உடல் அதைப் பொறுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு மீண்டும் கொடுத்தபோது கடுமையான உடனடி எதிர்வினை வந்த குழந்தைகள் இருக்கிறார்கள். நீண்ட நாள் விலக்கிய உணவை வீட்டில் திடீரென்று கொடுக்காதீர்கள்.

7. உறுதியானால் சமையலறை

லேபிளை மூன்று முறை படியுங்கள்: வாங்கும்போது, அலமாரியில் வைக்கும்போது, திறக்கும்போது. செய்முறை சொல்லாமல் மாறும். கேசீன், வே என்றால் பால். அல்புமின் பெரும்பாலும் முட்டை. ரவை, செமோலினா கோதுமை.

ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்துக்குப் போவதுதான் வீட்டில் நடக்கும் விபத்து. ஒவ்வாமை உள்ளவரின் உணவை முதலில் சமைத்து மூடி வைத்துவிடுங்கள்; பிறகு மற்றவை. கைகளையும் மேடையையும் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். கிருமிநாசினி ஜெல் கிருமியைக் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது.

8. மூச்சைத் தொட்டால்

இந்த வரிசையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். மூச்சிரைப்பு, குரல் கம்முதல், நாக்கு வீக்கம், மயக்கம், வெளிறி துவளுதல், திட்டுகளோடு தொடர் வாந்தி: இவற்றில் எது வந்தாலும் முதல் வேலை அட்ரினலின் ஊசி, தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறத் தசையில். ஒவ்வாமை மாத்திரை தோல் அரிப்பைக் குறைக்கும். அடைபடும் தொண்டையையும் விழும் ரத்த அழுத்தத்தையும் அது தடுக்காது. மாத்திரை கொடுத்துக் காத்திருப்பதில்தான் நேரம் போகிறது. தோலில் ஒன்றுமே தெரியாமலும் இந்தக் கடுமையான எதிர்வினை வரலாம்.

ஊசி போட்டதும் ஆம்புலன்ஸை அழையுங்கள். படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத்திணறினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரக்கூடும்.

ஊசி ஆள் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும்; பூட்டிய அலமாரியில் அல்ல. குளிர்பதனப் பெட்டியிலும் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரிலும் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள். அடங்காத ஆஸ்துமா இந்த எதிர்வினையை உயிராபத்தாக்கும்.

9. வீட்டில் அடுத்த குழந்தை இருந்தால்

பயந்து வேர்க்கடலையையும் முட்டையையும் தள்ளிப்போடாதீர்கள். 2015-இல் வெளியான லீப் ஆய்வில், கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை 4 முதல் 11 மாத வயதில் இரு குழுவாகப் பிரித்தார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு அந்த ஒவ்வாமை இருந்தது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்குத்தான். முழுக் கடலை மூச்சுக்குழலில் அடைக்கும், அரைத்துக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். குழந்தைக்கே கடுமையான எக்ஸிமா இருந்தால் முதல் முறை கொடுக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

10. ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் கேளுங்கள்

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர விலகுகிறது. வேர்க்கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒருவருக்கு விலகுகிறது. ஒரு தாளில் எழுதியதை வாழ்நாள் முழுதும் சுமக்க வைக்காதீர்கள். கேக்கில் நன்றாக வெந்த முட்டையைத் தாங்கும் குழந்தைகள் பலர், அவித்த முட்டைக்கு எதிர்வினை காட்டும் பருவத்திலேயே. எங்கிருந்து தொடங்கலாம் என்று ஒவ்வாமை மருத்துவரிடம் கேட்கலாம்.

என் மகளுக்குக் கடைசியில் உறுதியானது முட்டை ஒன்றுதான். பாலும் கோதுமையும் வீணாகப் போன மாதங்கள். நான்கு வயதில் மருத்துவமனையில் ஒரு துண்டு கேக்கை ஐந்து பங்காக வெட்டி, இருபது நிமிடத்துக்கு ஒரு பங்காகக் கொடுத்தார்கள். ஐந்தாவதைத் தின்றுவிட்டுத் தட்டிலிருந்த துகளையும் விரலால் ஒற்றி எடுத்தாள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் அவள் கையையும் கன்னத்தையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலக் குளியல், மூன்று நிமிடத்துக்குள் களிம்பு.